அம்மா கடலில் இறங்கிய கோடை

பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஏறியதும் அம்மா எழுந்து நின்றாள். அப்பாவும் அத்தையும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அம்மா தன் பாட்டுக்கு எழுந்து நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னத் தம்பியைத் தூக்கி என் மடியில் போட்டாள். ஜன்னல் கம்பிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். ரயில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை, தண்ணீர்தான். எங்கள் பெட்டி மட்டும் தனியாக அந்தரத்தில் நகர்வதுபோல இருந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "உக்காருத்தா, தலை சுத்தப்போகுது" என்றாள். அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற ஆசையில் சிவகாசியிலிருந்து வழியெல்லாம் தூங்காமல் வந்திருந்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் நான் கடலைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவளின் முகம்போல இருந்தது அது.

அப்பாவும் அவருடைய பங்காளி ஒருவரும் சேர்ந்து எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்திவந்தார்கள். அங்கே ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் நடுவில் வெறும் பொட்டலாக விட்டிருப்பார்கள். ஒன்று பிடித்துக்கொண்டால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதற்காக. அந்தப் பொட்டல் அப்பாவின் குணத்திலும் இருந்தது. "தள்ளி நில்லு" என்பதுதான் அவர் வாயிலிருந்து நாங்கள் அதிகம் கேட்ட சொல். அடுப்புக்குத் தள்ளி, விளக்குக்குத் தள்ளி, தெருவில் மாட்டுவண்டிக்குத் தள்ளி. பாசம் இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் மருந்து கலக்கும் ஷெட்டுக்குள் ஆட்களை அனுப்பிவிட்டு, சாயங்காலம் அத்தனை பேரும் முழுசாக வெளியே வரும்வரை எச்சில் விழுங்காமல் இருக்கிற மனுஷர் வேறு எப்படி இருப்பார் என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது.

அம்மா மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். பருத்தியும் கம்பும் விளைகிற மானாவாரிக் காடு, அதற்கு நடுவில் ஒரு தோட்டம். பதினேழு வயதில் சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்தாள். எங்கள் ஊரில் தண்ணீர் விலைக்கு வரும். வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். வீட்டுப் பெண்கள் குளிக்க ஆளுக்கு ஒரு குடம், தலைக்கு ஊற்றுகிற வெள்ளிக்கிழமையில் இரண்டு. அம்மா மெதுவாகப் பேசுவாள், சுவர் ஓரமாக நடப்பாள். பட்டாசுக்காரர் வீட்டில் பத்து வருஷம் இருந்தும் தீபாவளியன்று காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் உட்கார்ந்துவிடுவாள். பயந்த சுபாவம் என்று அத்தை சொல்வாள், அப்பா சொல்வார், நாங்களும் அப்படியே நம்பினோம். பதினேழு வயதுக்கு முன்னால் அவள் என்னவாக இருந்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

லீவு விட்டால் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்த் தங்குவது என்ற வழக்கமெல்லாம் அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. போனால் இருக்கன்குடி மாரியம்மன் கோயில், தப்பினால் மதுரை. அந்தச் சித்திரையில் தனுஷ்கோடிக்குப் போனது அப்பாவின் வியாபாரத்துக்காக. கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி கப்பலில் வந்து இறங்குவதாகவும், தீபாவளி ஆர்டரை அங்கேயே பேசி முடிப்பதாகவும் ஏற்பாடு. போகிறதுதான் போகிறோம், ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு வரலாம் என்று அத்தை கிளம்பினாள். அத்தை வந்தால் சமைக்க அம்மா வேண்டும். அம்மா வந்தால் நாங்கள் மூன்று பேர். நான், ஆறு வயதுப் பெரிய தம்பி, மூன்றரை வயதுச் சின்னத் தம்பி. இரண்டு நாள் என்று போனோம். கொழும்பு வியாபாரி அடுத்த கப்பல், அடுத்த கப்பல் என்று தந்தி கொடுத்துக்கொண்டே இருந்ததால் அது ஒன்பது நாளானது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய அதிர்ஷ்டங்களில் ஒன்று, முகம்கூட நினைவில்லாத அந்த வியாபாரியின் தாமதம்.

தனுஷ்கோடி அப்போது உயிரோடு இருந்த ஊர். ஸ்டேஷன், தபாலாபீஸ், சுங்க ஆபீஸ், கப்பல் வந்து நிற்கிற துறை, கல்லால் கட்டிய மாதா கோயில் எல்லாம் இருந்தன. சுங்க ஆபீஸில் வேலை பார்த்தவர் ஒருவர் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போயிருந்ததால் அவருடைய ஓட்டுவீட்டைத் திறந்துவிட்டார்கள். வாசலில் நின்றால் ஒரு கடல் தெரியும். கொல்லைப் பக்கம் போய் மணல்மேட்டில் ஏறினால் இன்னொரு கடல். வடக்கே இருந்ததைப் பெண்கடல் என்றார்கள். தட்டில் ஊற்றிய பால்போல அசையாமல் கிடக்கும். தெற்கே இருந்தது ஆண்கடல். இருபத்து நான்கு மணி நேரமும் இரைச்சல்தான். இரண்டுக்கும் நடுவில் அரிந்த தேங்காய்ச் சில் அகலத்துக்கு நிலம், அதன்மேல் நாங்கள். பெரிய தம்பி முதல் நாள் முழுக்க ஒரு கரைக்கும் மறு கரைக்குமாக ஓடி, இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தான். நான் மணலில் படுத்துக் காதை வைத்துக் கேட்டேன். நிலத்துக்குள்ளிருந்தும் அலைச் சத்தம் வந்தது.

அம்மாவை அசத்தியது தண்ணீர் கிடைத்த விதம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கடலிலிருந்து நூறு அடி தள்ளி உட்கார்ந்து, கையாலேயே மணலைத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் ஊற்று சுரந்தது. அம்மா அதைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, வாயைத் துடைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மல்லாங்கிணற்றில் எழுபது அடி வெட்டி, பாறைக்கு வெடி வைத்து, அதற்கப்புறமும் உவர்த்தண்ணீரைப் பார்த்த குடும்பம் அவளுடையது. "மதினி, நல்ல தண்ணி மதினி. உப்பே இல்ல" என்று அத்தையிடம் சொன்னாள். அத்தை நம்பாமல் தானும் குடித்துப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் அந்தக் குழியை ஒரு சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஊற்றடியில்தான் அந்த வலைக்கார அக்கா பழக்கமானாள். அம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். பெண்கடல் ஓரத்தில் பனையோலைக் குடிசை. நாள் முழுவதும் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பாள். நாங்கள் அவள் குடிசை முன்னாலேயே பழிகிடந்தோம். கூடு சுமந்து நடக்கிற சின்ன நண்டுகளை எங்கள் கையில் விட்டாள், இறங்கி விளையாட எந்த இடம் ஆழமில்லை என்று காட்டினாள். ஒருநாள் அம்மா அவளிடம், "உங்களுக்கெல்லாம் நீச்சல் நல்லாத் தெரிஞ்சிருக்கும், இல்லக்கா?" என்று கேட்டாள். அந்த அக்கா சிரித்துவிட்டாள். "கடலுக்குப் போறது ஆம்பளைக தங்கச்சி. எங்களுக்கு முட்டளவு தண்ணிதான். அதுக்கு மேல தெரியாது" என்றாள். அம்மாவும் கணுக்கால் அளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. சேலை நனையாமல் கரண்டைக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வந்து போகிற இடத்திலேயே வெகுநேரம் நிற்பாள். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை அப்பா கப்பல் துறைக்குப் போயிருந்தார். ஊர் ஆண்கள் ஆண்கடல் பக்கம் கரைவலை இழுக்கப் போயிருந்தார்கள். வலைக்கார அக்காவின் குடிசை முன்னால், மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு சின்னக் கட்டுமரம் பாதி மணலிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடந்தது. தம்பிகள் இருவரும் அதன்மேல் உட்கார்ந்து ரயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஏறுகிற நேரம் அது என்று எங்களுக்கு எப்படித் தெரியும். பெரிய தம்பி கத்தியபோது திரும்பினேன். அவன் இடுப்பளவு தண்ணீரில் தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்துகொண்டிருந்தான். கட்டுமரம் அவனுக்குப் பின்னால் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதன் நடுவில் சின்னத் தம்பி, கயிற்றுமுடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூ என்று ரயில் கூவிக்கொண்டிருந்தான். தெற்கிலிருந்து அடித்த காற்று அதைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. எந்த அவசரமும் இல்லாமல், பாலத்தில் எங்கள் ரயில் போன அதே வேகத்தில் போனது.

வலைக்கார அக்கா வலையைப் போட்டுவிட்டு, ஆட்களைக் கூப்பிட மணல்மேட்டில் ஏறி ஓடினாள். கரைவலை இழுக்கிற இடம் ஒரு மைலுக்கு இருக்கும். அத்தை முழங்காலில் விழுந்து, "இருக்கன்குடி ஆத்தா, எம் பிள்ளையைக் குடு, உனக்கு ஆயிரங்கண் பானை எடுக்கேன்" என்று நேர்ந்துகொண்டு கூவ ஆரம்பித்தாள். அம்மா ஊற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். குடத்தை இறக்கி மணலில் அழுத்திச் சாயாமல் வைத்தாள். அதை நான் தெளிவாகப் பார்த்தேன். சேலை முந்தியை இடுப்பில் சுற்றிச் செருகினாள். கொசுவத்தைக் கால்களுக்கு நடுவில் இழுத்துப் பின்னால் செருகிக்கொண்டாள், நடவுக்கு இறங்குகிற பெண்கள் கட்டுவார்களே, அதுபோல. பிறகு நடந்து உள்ளே போனாள். முழங்கால், இடுப்பு, மார்பு. அப்புறம் அவளைக் காணவில்லை. நான் அம்மா என்று கத்தினேன் என்று அத்தை சொல்வாள், எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது, பத்தடி தள்ளி அவள் தலை மேலே வந்ததும், ஒரு கை மேலெழுந்து தண்ணீரை வெட்டி உள்ளே போனதும், அடுத்த கை எழுந்ததும்தான். கைகள் மாறி மாறி எழுந்தன. அம்மா தண்ணீருக்குள் இல்லை. தண்ணீருக்கு மேலே படுத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய காட்சிகளைப் பார்த்துவிட்டேன். இமயமலைப் பனியைப் பார்த்தேன், பேரன் பிறந்த நிமிஷத்தைப் பார்த்தேன். அந்தக் காலையில் என் உடம்பில் ஓடிய சிலிர்ப்பு மறுபடி வரவில்லை. எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கை அது. அத்தை கூப்பிட்டால் நடுங்குகிற கை. அது இவ்வளவு பெரிய தண்ணீரை அப்படி ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகிறது. பயம் எனக்குள் இருந்தது, நிச்சயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பெரிய தம்பியும் அழுகையை நிறுத்திவிட்டு, "அது அம்மாவா?" என்று என்னிடம் கேட்டான்.

அவள் கட்டுமரத்தைப் பிடித்துவிட்டாள். ஆனால் திரும்பி வர முடியவில்லை. நீரோட்டம் கிழக்கே இழுத்தது. கொஞ்ச நேரம் முட்டிப்பார்த்தாள். அப்புறம் முட்டுவதை விட்டுவிட்டு, கட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இழுக்கிற திசையிலேயே போகவிட்டுக் காலை உதைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப் பக்கம் ஒதுக்கினாள். நாங்கள் கரையோடு கூடவே ஓடினோம். அத்தைக்கு நடக்கவே மூட்டு வலிக்கும், அவளும் ஓடினாள். ஸ்டேஷன் கூரை கண்ணுக்கு மறைகிற தூரம் ஓடியிருப்போம். ஒரு மணல்திட்டில் கட்டை தட்டி நின்றது. அம்மா சின்னத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. இன்னொரு தரம் போகலாம் என்று அழுதான்.

அம்மா அவனை அத்தை கையில் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்து குடித்த தண்ணீரையெல்லாம் கக்கினாள். அத்தை பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை. மூச்சு வாங்க வாங்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பாலத்தில் பார்த்த அதே முகம். "கெணத்துத் தண்ணி மாதிரி இல்ல மதினி" என்றாள். "கெணத்துல நாம அசந்தா உள்ள இழுத்துரும். இது தூக்கிப் பிடிக்குது. கையைக் காலை ஆட்டாம இருந்தாக்கூடத் தூக்கிப் பிடிக்குது." அத்தை அவளையே பார்த்தாள். பிறகு தன் முந்தியை எடுத்து அம்மாவின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அவர்கள் இருவரும் அப்படித் தொட்டுக்கொண்டு நான் பார்த்ததும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்பாவுக்குச் செய்தி வழியிலேயே போய்விட்டது. ஓடிவந்தார். சின்னத் தம்பியின் கை, கால், தலை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். விபத்துக்கப்புறம் ஆட்களைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"நீச்சல் எப்பப் பழகுன?"

"எட்டு வயசுல. எங்க அண்ணன்மாரு கூட, தோட்டத்துக் கெணத்துல. சடங்கானதுக்கப்புறம் எறங்க விடல."

"எங்கிட்ட சொன்னதே இல்லியே."

"சொல்லி என்ன செய்ய. நம்ம வீட்டுல ஒரு கொடந்தான தண்ணி" என்றாள் அம்மா. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அப்பா நாளைக் காலை ரயிலுக்கே கிளம்புவோம் என்றார். வியாபாரி வந்தால் சிவகாசிக்கு வரட்டும், ஆர்டர் போனால் போகட்டும் என்றார். அவர் ஆர்டரை விட்டுக்கொடுத்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை என்பதால் அந்தப் பேச்சின் கனம் எங்களுக்கும் புரிந்தது. அத்தை பாத்திரங்களைக் கட்ட எழுந்தாள். அப்போதுதான் அம்மா சொன்னாள். சுவரோரம் நின்றுகொண்டு, எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னாள்.

"நா இன்னொரு தரம் எறங்கணும்."

அப்பாவுக்கு விளங்கவில்லை. "எதுல?"

"கடல்ல. இன்னைக்குப் பிள்ள போயிருமோன்னு எறங்குனேன். பயத்துல ஒண்ணுமே பாக்கல. பயமில்லாம ஒரு தரம் எறங்கணும்."

பத்து வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா முடியாது என்றார். நாலு பேர் பார்க்கிற இடம் என்றார். ஏற்கெனவே ஒரு கண்டம் தாண்டியாயிற்று, தேடிப் போய் நெருப்பில் கை வைப்பார்களா என்றார். அம்மா மறுத்துப் பேசவில்லை, இடத்தைவிட்டு நகரவும் இல்லை. பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அத்தைதான் கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டாள்.

"தம்பி, இன்னைக்கு அவ எறங்காட்டா நாளைக்கு நாம எந்தக் கோலத்துல ஊருக்குப் போயிருப்போம்? நா சாமியைக் கூப்புட்டுக்கிட்டு நின்னேன். அவதான் போனா" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "விடியவும் போயிட்டு வாத்தா. பிள்ளைகளை நா பாத்துக்கிறேன்" என்றாள்.

அத்தை சொன்ன பிறகு அப்பா மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று.

விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் பெண்கடல் ஓரத்தில் நின்றோம். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில், எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தெரியாமல் இருந்தன. வலைக்கார அக்கா வலை இழுக்கிற கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, அம்மாவின் இடுப்பில் தானே முடிச்சுப் போட்டாள். இன்னொரு முனையை அப்பா வாங்கிக்கொண்டார். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. தெப்பக்குளத்துப் படியில்கூட மூன்றாவது படிக்குக் கீழே இறங்காதவர். கரையில் குதிகாலை ஊன்றி நின்று, ஒரு சாண் ஒரு சாணாகக் கயிற்றை விட்டார். அம்மா போனாள். முந்தின நாள் போன மாதிரி இல்லை. வேகமே இல்லை. ஒரு கையை வைத்து, அது என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த கையை வைப்பதுபோல இருந்தது. கயிறு தீர்ந்துவிட்டது. அம்மா அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

அப்பா கயிற்றைச் சுண்டி அவளைத் திரும்பக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். கணுக்கால் தண்ணீருக்குள் போனார். கயிறு அவ்வளவு நீளம் கூடியது. அம்மா அவ்வளவு தூரம் போனாள். முழங்கால் வரை போனார். வேட்டி நனைந்து தண்ணீரில் விரிந்து அவரைச் சுற்றி மிதந்தது. அம்மா திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒரு அடி உள்ளே வைத்தார். "தம்பி, போதும்" என்றாள் அத்தை. அவர் மார்பளவு தண்ணீரில் போய் நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கயிற்று முனையைப் பிடித்திருந்தார். எங்களை எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நில்லு என்று சொன்ன மனுஷர், தனக்குத் தெரியாத அவ்வளவு பெரிய ஒன்றுக்குள், அம்மாவுக்கு ஒரு கை நீளம் கயிறு கூடுதலாகக் கிடைக்குமே என்று, தானாக நடந்து போய் நின்றார்.

அந்தக் கயிற்றின் கடைசியில் அம்மா மல்லாந்து படுத்தாள். கையை விரித்தாள். அசையவில்லை. கீழ்வானில் சூரியன் எழும்பியதும் சாம்பல் கலைந்து தண்ணீர் முழுக்கத் தாமிர நிறமானது. அதற்கு நடுவில் ஒரு சின்னக் கோடாக அவள் கிடந்தாள். அடியில் எவ்வளவு ஆழம், சுற்றி எவ்வளவு தூரம் என்று என்னால் நினைக்கக்கூட முடியவில்லை. அவ்வளவும் சேர்ந்து என் அம்மாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்னத் தம்பி வாயில் விரலை வைத்தபடி நின்றான். வலைக்கார அக்கா தன்னையறியாமல் முட்டளவு தண்ணீருக்குள் போயிருந்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளாகத்தான் திரும்பி வந்தாள். அப்பாவை எட்டியதும் அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தவள் அவள்தான், அவருக்குக் கால் மரத்துப் போயிருந்தது. அன்றைக்கு ரயிலுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மிச்ச மூன்று நாளும் விடியும்போது அம்மா இறங்கினாள், அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழும்பு வியாபாரி ஒன்பதாம் நாள் வந்து, அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் பழையபடிதான். தண்ணீர் வண்டி, குடம், அடுக்களை, சுவரோர நடை. தீபாவளிக்கு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. அத்தை அவளைப் பயந்தவள் என்று சொல்வதை விட்டுவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால், "உங்களுக்கு அவளைத் தெரியாது" என்பாள். மேலே விளக்க மாட்டாள்.

அடுத்த சில வருஷங்களில் ஒரு மார்கழியில் அந்தப் புயல் வந்தது. தனுஷ்கோடி ஒரே இரவில் போய்விட்டது என்று பேப்பரில் வந்ததை அப்பா சத்தமாக வாசித்தார். ரயிலும் போய்விட்டது, பாலமும் உடைந்துவிட்டது என்று வாசித்தார். அம்மா கேட்டுக்கொண்டே வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அந்த அக்காவுக்கு நீச்சல் தெரியாது" என்றாள். "அந்தக் காத்துக்கு முன்னால தெரிஞ்சாலும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. மறுநாள் சிவகாசி வியாபாரிகளிடம் சேர்த்த அரிசியும் துணியுமாக லாரி மண்டபத்துக்குக் கிளம்பியபோது அப்பாவும் போனார். நான்கு நாள் கழித்து வந்தார். வலைக்கார அக்கா உயிரோடு இருந்தாள். புயலுக்கு முந்தின நாள், மகளுடைய பேறுகாலத்துக்காக மண்டபத்துக்கு வந்திருந்தாளாம். அவள் புருஷனும் குடிசையும் அந்தக் கரையும் இல்லை.

அம்மா அன்றைக்கே மண்டபத்துக்குக் கிளம்பினாள். யாரிடமும் கேட்கவில்லை. அத்தை அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா வந்த களைப்போடு திரும்பக் கூடப் போனார். எங்களைக் கூட்டிப்போகவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்ததும் நான் கேட்டேன், அங்கே என்ன பேசினீர்கள் என்று. எனக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயது. கடலின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் இருந்தது. அம்மாவை ஏமாற்றிவிட்டதுபோல.

"ஒண்ணும் பேசல. ரெண்டு நாளும் கரையில போய் ஒக்காந்துருந்தோம். அது பாட்டுக்குக் கம்முனு கெடந்துச்சு" என்றாள் அம்மா.

"உனக்குக் கோவம் வரலியாம்மா?"

அவள் கிழிந்திருந்த என் பாவாடையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோத்து முடிச்சுப் போட்டபிறகு சொன்னாள்.

"அந்த அக்காவும் இதைத்தான் கேட்டுச்சு. நா என்னத்தச் சொல்ல. ஒரு ஊரையே எடுத்துக்கிட்டுப் போற அம்புட்டுப் பெரிசு. அது அன்னைக்கு ஒரு மூணரை வயசுப் பிள்ளையைப் பத்திரமா வச்சிருந்து எங்கையில குடுத்துச்சு. எனக்கு அதை நெனச்சாத்தான் ஒடம்பு நடுங்குது."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். மேல்கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. நான் தொட்டுப் பார்த்தேன்.